சும்மா சீட்டு பார்ப்பவர்

கிளி ஜோசியர் எதிரே நம்பிக்கையோடு உட்காருபவர் ஒரு வகை, ‘சும்மா’ உட்காருபவர் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல சீட்டு வந்தால் சிரிப்பார், கெட்டது வந்தால் பரிகாரம் கேட்பார். ஆராயத் தக்கவர் இரண்டாமவரே. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரம் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் வரும் திருப்புட்குழியில், விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் இவரைக் காணலாம்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொழில் பட்டுத்தறி. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டே காலம் போனதால் முழங்கால் மடங்காது; கல்யாணப் பந்தியில்கூட நாற்காலிதான் கேட்பார். கிளிக்கூண்டுக்கு எதிரே மட்டும் எப்படியோ சம்மணம் கூடிவிடும். உட்கார்ந்ததும், “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, சும்மா பாருங்க” என்பார். ஜோசியர் கோபிக்க மாட்டார். ஜாதகம் சொல்லாததையும் இந்த ஒரு வாக்கியம் அவருக்குச் சொல்லிவிடும்.

சீட்டுக் கட்டில் வழக்கமாக 27 சீட்டுகள், நட்சத்திரத்துக்கு ஒன்றாக. முருகன், பிள்ளையார், மாரியம்மன் படங்களோடு சில கட்டுகளில் வேளாங்கண்ணி மாதாவும் உண்டு. “மீனாட்சி, ஐயா பேருக்கு நல்லதா ஒரு சீட்டு எடுத்துக் குடும்மா” என்று கதவைத் திறந்ததும் கிளி தத்தித் தத்தி வந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தள்ளி, ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானே கூண்டுக்குள் போய்விடும். கூலி கையோடு கிடைக்கும் இந்தத் தொழில்முறையை நம்மவர் சற்றுப் பொறாமையோடு கவனிப்பார்.

“ரெண்டு பக்கமும் இழுபறியா இருக்கே, ஐயா. ஒத்தாசைக்கு ஆளில்ல” என்று ஜோசியர் தொடங்குவார். இதை எந்தக் குடும்பஸ்தனிடம் சொன்னாலும் பொருந்தும். இவருக்கோ அது தறியில் கிடக்கும் புடவையையே குறிக்கும். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவன் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய்விட்டான். போதாததற்கு ஜரிகை விலை, மழையில் நமுத்த பாவு, சீட்டுப்பணத் தவணை. “சும்மா” வந்தவர் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடிப்பார். வீட்டில் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்க ஆளில்லை.

சீட்டு சரியில்லை என்றால், “பேரைத் தப்பாச் சொல்லிட்டேன்” என்று மனைவி பெயருக்கு இன்னொன்று எடுக்கச் சொல்வார். ஜோசியர் மறுப்பதில்லை, அதற்குத் தனிக் காசு.

சென்னையில் வேலை பார்க்கும் இவர் மகள் டாரோ பார்ப்பவள். அதில் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஆடிக் கழித்த விளையாட்டுச் சீட்டுதான். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ஜோசியத் தகுதி கொடுத்தார்கள். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டின் படங்கள்தான் இன்று கைப்பேசி வரை வந்திருக்கின்றன. பதினான்காம் சீட்டில் சிறகுள்ள தேவதை ஒன்று ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் ஊற்றும். ஆபீசையும் வீட்டையும் சரிக்கட்டச் சொல்கிறது என்பாள் மகள். “தண்ணி ஆறிட்டுதா இல்லையா?” என்பார் அப்பா. அவருக்கு வந்தது பள்ளிகொண்ட ரங்கநாதர் என்று கேட்டதும், “கொஞ்சம் படுத்து ரெஸ்ட் எடுங்கன்னு அர்த்தம்ப்பா” என்பாள். ஜோசியர் சொன்னது அதுவல்ல, பணம் மெதுவாக வரும் என்பதே. வியாக்கியானத்தில் மகள் மேல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஊர் மகிமை இவருக்குக் கைகொடுக்கும். ராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். “சீதை போன திசையைச் சொன்னதே ஒரு பறவைதானே?” என்பார். ஜடாயு கண்ணால் பார்த்ததைச் சொன்னார், கிளி அப்படியில்லை என்று யாராவது சொன்னால், பேச்சு உடனே பயற்றுக்கு மாறும். பிள்ளை வரம் வேண்டுவோர் வறுத்த பயற்றை ஊறவைத்து மடியில் கட்டிப் படுத்து, விடிந்ததும் முளை விட்டிருக்கிறதா என்று பார்ப்பது இத்தலத்து வழக்கம்.

வெளியூர்ச் சான்றும் வைத்திருப்பார். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரின் மணி என்ற கிளி, காலிறுதி நான்கையும் சரியாகச் சொன்னது. கதையை அரையிறுதியோடு நிறுத்திவிடுவார்; இறுதியாட்டத்துக்கு அது எடுத்தது நெதர்லாந்து, வென்றது ஸ்பெயின்.

2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்குக் கிளி வெற்றி சொன்னது; வனத்துறை ஜோசியரைப் பிடித்தது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்பாளரும் தோற்றார். “கிளியைக் கலவரப்படுத்தினா எப்படிப் பலிக்கும்?” என்பது இவர் தரப்பு விளக்கம்.

இப்போது கிளிக்காரர்கள் அருகிவருகிறார்கள். எனவே மகளைப் பார்க்கச் சென்னை போகும்போது, ரயில் நிலையத்தில் விளக்கு மினுக்கும் எடை எந்திரம் எங்காவது தென்பட்டால் விடமாட்டார். காசைப் போட்டு, விழும் அட்டையில் பலனை இரண்டு முறை படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எடை எவ்வளவு என்று மகள் கேட்டால், பார்க்கவில்லை என்பார்.