பெட்டியியல்: கணிதக் குறிகள் திரையில் தோன்றாமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

இவ்வாய்வின் எல்லை சிறிது. கணினி இயற்கணித மென்பொருளில் ஒரு குறி தோன்ற வேண்டிய இடத்தில் அது தோன்றாதபோது அங்கே தோன்றுவது யாது, ஏன் தோன்றுகிறது, கண்டவர் செய்யத்தக்கது என்ன என்பவை மட்டுமே இங்கு ஆராயப்படும். கட்டுரை முழுவதிலும் ஒரு கணிதக் குறிகூட அச்சிடப்படவில்லை என்பதை வாசகர் கவனிப்பாராக. எல்லாம் சொல்லாலேயே சுட்டப்பட்டுள்ளன. காரணம், ஆசிரியர் தம் ஆய்வின் முடிவுகளைத் தாமே நம்புகிறார்.

அடிப்படை நிகழ்வு யாவரும் அறிந்தது. கணினிக் கூடத்தில் ஒரு மாணவர் எழுந்து, "சார், கட்டம் கட்டமா வருது" என்பார். "ஃபான்ட் இல்லப்பா, இரு, போட்டுத் தரேன்" என்பார் உதவியாளர். இத்துறையின் சிக்கலும் தீர்வும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கிவிட்டமையால் மேற்கொண்டு எழுத ஏதுமில்லை. எழுத ஏதுமில்லாத இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது என்பது மரபாதலின், தொடர்கிறோம்.

முதற்கண் பெட்டியின் இலக்கணம். எழுத்துருக் கோப்பில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. பூச்சியம் என்னும் எண், "கேட்ட எழுத்து என்னிடம் இல்லை" என்று சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அவ்விடத்தில் வெறும் செவ்வகம் முதலான ஒரு வடிவத்தை வைக்குமாறு ஓபன்டைப் விதிமுறை பரிந்துரைக்கிறது. எனவே பெட்டி தானாக முளைத்த கோளாறு என்று எண்ணற்க. யாரோ ஒரு கலைஞர் அமர்ந்து, தடிமன் பார்த்து, ஓரம் பார்த்து வரைந்த சித்திரம் அது. சிலர் உள்ளே குறுக்குக் கோடுகள் இழுப்பர். சிலர் வினாக்குறி வைப்பர். ஃபயர்பாக்ஸ் உலாவி, காணாமற்போன எழுத்தின் யூனிகோடு எண்ணையே பொடியாகப் பெட்டிக்குள் எழுதிவிடும். பெட்டி மரபில் இதுவே உச்சம் என்பது எம் துணிபு.

அற்றேல், பெட்டி தோன்றினால் குறி தொலைந்தது என்று கொள்ளலாமோ எனின், ஆகாது. பெட்டி தானே ஒரு கணிதக் குறி. அலைச் சமன்பாடு எழுதும் இயற்பியலார்க்கு அது டாலம்பேர் செயலி. தருக்கவியலில் ஒரு பிரிவார்க்கு அது "அவசியமாக" என்று பொருள்படும். நிரூபணத்தின் கடைசி வரி ஓரத்தில் நின்றால் "முடிந்தது" என்று பொருள். இவ்வழக்கைப் பரப்பியவர் கணிதவியலாளர் பால் ஹால்மோஸ் என்பதால் அவர் பெயராலேயே அதைச் சுட்டுவாரும் உளர். மேத்தமெட்டிகா மென்பொருளின் குறிப்பலகையிலோ, "இங்கே நீ ஏதாவது தட்டு" என்பதே பெட்டியின் பொருள். ஆக, திரையில் ஒரு பெட்டி தெரிந்தால், அங்கே அலை அடிக்கலாம், அவசியம் இருக்கலாம், நிரூபணம் முடிந்திருக்கலாம், மென்பொருள் உங்கள் விரலுக்காகக் காத்திருக்கலாம், அல்லது ஃபான்ட் இல்லாமல் இருக்கலாம். இவற்றை வேறுபடுத்தும் விதி யாது எனின், சூழ்நோக்கி உணர்க என்பதன்றி வேறில்லை.

பெட்டி பொல்லாதது என்பது உலக வழக்கு. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெட்டியினும் பொல்லாதது மாறுவேடம்.

மாறுவேடத்தின் தாயகம், போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிகளோடு பரவிய சிம்பல் என்னும் எழுத்துரு. யூனிகோடு வேரூன்றாத காலத்தில் கிரேக்க எழுத்துக்கும் கணிதக் குறிக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான தனி எண்கள் கிடையா. ஆகவே ஆங்கில எழுத்தின் எண்ணைக் கொடுத்து, "இதைச் சிம்பலில் காட்டு" என்று ஓர் ஆணையும் சேர்த்துக் கொடுப்பர். ஆணை வழியில் தொலைந்தால், தெருக்கூத்தில் துரியோதனன் கிரீடத்தைக் கழற்றியதும் நம்மூர் ஆள் தெரிவதுபோல, உள்ளிருக்கும் ஆங்கில எழுத்து தெரிந்துவிடும். பை இருந்த இடத்தில் பி நிற்கும். தீட்டா இருந்த இடத்தில் க்யூ. இவை சிறு குற்றங்கள். எண் 128ஐத் தாண்டிய பகுதியில் நடப்பதுதான் ஆராயத்தக்கது. அங்கே முடிவிலிக்கு உரிய இடம், சாதாரண எழுத்துருவில் ஜப்பானிய யென்னுக்கு உரியது. "சிறிது அல்லது சமம்" என்பதன் இடம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு உரியது. வர்க்கமூலக் குறி, தலையில் இரு புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்தாகும். பகுதி வகையிடல் குறி, பத்தி பிரிக்கும் அடையாளமாகும். ஒரு தொடர் முடிவிலியை நோக்கிச் செல்கிறது என்று எழுதினால், யென்னை நோக்கிச் செல்கிறது என்று வரும். பொருளாதார மாணவர் இதில் பிழை காணமாட்டார்.

இதனினும் நுட்பமானவை இரண்டு. "பெரிது அல்லது சமம்" மேலே தூக்கிய மூன்றாகவும், "சமமன்று" மேலே தூக்கிய ஒன்றாகவும் மாறும். எக்ஸ் என்பது இரண்டைவிடப் பெரிது அல்லது சமம் என்று நீங்கள் நிபந்தனை விதித்தால், எக்ஸின் கனம், அருகே ஓர் இரண்டு என்று திரை காட்டும். நிபந்தனை பெருக்கலாகிவிட்டது! எக்ஸ் பூச்சியத்துக்குச் சமமன்று என்பது, எக்ஸின் ஒன்றாம் அடுக்கைப் பூச்சியத்தால் பெருக்கியதாக வந்து நிற்கும். அதன் விடை பூச்சியம். சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதை இத்தனை ஒழுங்காகச் சொல்ல மனிதரால்கூட இயலாது.

தமிழர்க்கு இது புதிதன்று. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில், அதில் தட்டிய "தமிழ்" என்ற சொல், ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தோன்றிய காலத்தைக் கடந்து வந்தவர் நாம். கணிதத்துக்கும் தமிழுக்கும் நேர்ந்தது ஒரே நோய். பின்னர் கிடைத்த மருந்தும் ஒன்றே, யூனிகோடு. 2001இல் வந்த அதன் 3.1ஆம் பதிப்பு, சாய்ந்த எழுத்து, தடித்த எழுத்து, கோத்திக் எழுத்து என 991 கணித எழுத்துகளை ஒரேயடியாகச் சேர்த்தது. அதிலும் ஒரு பள்ளம். சாய்ந்த ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவதான எச், பிளாங்க் மாறிலி என்ற பெயரில் முன்பே வேறிடத்தில் குடியிருந்ததால், புதிய வரிசையில் அதன் இடம் காலி. ஏயிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போகும் அப்பாவி மென்பொருள், எட்டாவது அடியில் பள்ளத்தில் விழும். அங்கே தோன்றுவது யாது? பெட்டி.

மாறுவேடத்தினும் கொடியது ஒன்றுண்டு. அது மறைவு. தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1977இல் வந்த அச்சுப்படியின் அழகின்மையைக் கண்டு மனம் நொந்து, கணினியியலாளர் டொனால்டு க்னூத் டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையையும் அதற்கான எழுத்துருக்களையும் தாமே செய்தார். அவற்றுள் குறிகளுக்கான எழுத்துருவில், பூச்சியமாம் இடத்தில் அவர் வைத்தது கழித்தல் குறி. மற்றக் கணினி உலகத்துக்கோ 0 முதல் 31 வரையுள்ள எண்கள் எழுத்துகளே அல்ல, கட்டுப்பாட்டு ஆணைகள். திரையில் வரையாமல் விழுங்கிவிடத் தக்கவை. ஆகவே இவ்வெழுத்துருக்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள், கழித்தல் முதலியவற்றை வேறெண்ணில் இன்னொரு படி வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. காப்பாற்றாத இடங்களில் கழித்தல் போய்விடும்; பெட்டியும் வராது. மைனஸ் ஐந்து வெறும் ஐந்தாகும். அதே குடும்பத்தில் பெரிய தொகையிடல் குறி உட்கார்ந்திருப்பது ஆங்கில இசட்டின் இடத்தில். பெரிய சிக்மா, எக்ஸின் இடத்தில். பழைய பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு சூத்திரத்தை நகலெடுத்து ஒட்டியபோது, எங்கிருந்தோ ஓர் இசட் வந்து முன்னால் நின்றதைக் கண்டு திகைத்தவர்கள் இதனால் தெளிவு பெறுக.

தொகையிடல் குறியின் வரலாறு தனி நூலுக்கு உரியது. லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29 அன்று தம் கையெழுத்துப் படியில் அதை ஒரே இழுப்பில் எழுதினார். 306 ஆண்டுகள் கழித்து, 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்துப் பட்டியலில் 244ஆம் இடத்தில் மேல்பாதி, 245ஆம் இடத்தில் கீழ்ப்பாதி என்று அது இரண்டாக வெட்டி வைக்கப்பட்டது. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் உயரமான குறி கிடைக்கும் என்பது திட்டம். யூனிகோடு அவ்விரு துண்டுகளையும் ஏற்று, நடுவே செருக ஒரு முதுகெலும்புத் துண்டையும் தந்தது. சிம்பை என்னும் இயற்கணித மென்பொருள் இன்றும் உரைத்திரையில் இத்துண்டுகளைத்தான் அடுக்குகிறது. வரி இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் முதுகு ஒடியும். வேறு ஃபான்டிலிருந்து நடுத்துண்டு வந்தால் இடுப்பு விலகும்.

இவற்றினின்றும் முற்றும் தப்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் மேக்ஸிமா என்னும் மென்பொருள்; 1968இல் எம்ஐடியில் தொடங்கிய அதன் மூதாதை விட்டுச்சென்ற முறையே அதன் முறை. உரைத்திரையில் அது தொகையிடல் குறி வரைவதைப் பாருங்கள்: மேலே ஒரு சாய்கோடு, அதன்கீழ் திறக்கும் சதுர அடைப்பு, அதன்கீழ் ஆங்கிலப் பெரிய ஐ, அதன்கீழ் மூடும் சதுர அடைப்பு, அடியில் இன்னொரு சாய்கோடு. சிக்மாவுக்கு மேலும் கீழும் சமக்குறிகளை வரிசையாக அடுக்கி, நடுவே சாய்கோடுகளால் ஒரு மூக்கு. பை என்பதை வரைவதே இல்லை. விழுக்காட்டுக் குறி போட்டு அதன் பெயரை எழுதிவிடும். அழகு என்று எவரும் சொல்லார். ஆனால் தட்டச்சுப் பலகையில் இல்லாத எதையும் அது கேட்பதில்லை. எந்தக் கணினியிலும் அது பெட்டியானதில்லை. முக்கியப் பதிப்பகங்கள் கூடி 1990களில் தொடங்கிய ஸ்டிக்ஸ் என்னும் இலவசக் கணித எழுத்துரு முழுமையாக வெளிவர 2010 ஆயிற்று. அதுவரை பொறுத்திருக்க மேக்ஸிமாவுக்கு அவசியம் நேரவில்லை.

இதனாற் சொல்லியது யாதெனின்: பெட்டி தன் அறியாமையை ஒப்புக்கொள்கிறது, மாறுவேடம் அறிந்ததுபோல் நடிக்கிறது, மறைவோ விடையையே திருத்திவிடுகிறது. பெட்டியைக் கண்டு பதறுவோர் மற்ற இரண்டையும் கண்டதில்லை, அல்லது கண்டும் அறிந்ததில்லை. ஆகவே ஆய்வேட்டை அச்சுக்கு அனுப்பும் முன் பெட்டிகளை எண்ணிக் கொண்டிராதீர்கள்; அவை தாமே கண்ணில் படும். மென்பொருள் தந்த விடையையும் தாளில் ஏறிய விடையையும் அருகருகே வைத்து, கழித்தல் குறிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள்.