ஒருக்கா ஓட்டிப் பாத்தறலாமுங்க

கோயம்புத்தூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது தேறுவார். மில்லிலோ பம்பு கம்பெனியிலோ காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் பட்டறை இருக்கும். கார் வெயிலில் காயும். 1937-லேயே உள்ளூரில் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது, பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் நடமாடிய மண் என்று ஆரம்பிப்பார். அந்த வரிசையில் மூன்றாவது பெயர் யாருடையது என்பதைக் கேட்பவரின் ஊகத்துக்கே விட்டுவிடுவார்.

அக்கம்பக்கத்தில் மிக்ஸி நின்றுபோனால் முதல் தகவல் இவருக்குத்தான். கார்பன் தேய்ந்திருக்கும், நூறு ரூபாய் வேலை. அதற்குள் வீட்டுக்காரர் புது மிக்ஸி வாங்கியிருந்தால் இவர் முகம் மலரும். பழைய மோட்டார் காயலான் கடைக்குப் போகாமல் பட்டறைக்கு வந்து சேரும். அடுத்து அந்த மந்திரம்: "ஒருக்கா ஓட்டிப் பாத்தறலாமுங்க!"

தண்ணீர் பம்பில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் சாது. நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டாது. மிக்ஸி மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜாரை எடுத்துவிட்டால் 18000, 20000 என்று எகிறும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆர்மேச்சரின் விளிம்பு 20000 சுற்றில் மணிக்குச் சுமார் 188 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அவினாசி ரோட்டில் அல்ல. இவர் தொப்பையிலிருந்து ஒரு முழம் தள்ளி.

விதிகள் தெரியாதவரா? தலைகீழாகச் சொல்வார். மோட்டாரை வைஸில் இறுக்கிப் பிடி. சுவிட்ச் போட்டதும் உடம்பு எதிர்ப்பக்கம் உதைக்கும். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடு. உள்ளே ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் போகாது, பல்புதான் பளிச்சென்று எரியும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சுற்றும் பொருளுக்கு இரும்புக் கூடு போடு. தெறிப்பது பக்கவாட்டில்தான் தெறிக்கும், ஆகவே அச்சின் முனைப் பக்கம் தள்ளி நில். இத்தனையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு. அவரோ லுங்கியும் ரப்பர் செருப்புமாக, சரியாக அந்தப் பக்கவாட்டில்தான் முக்காலி போட்டு உட்கார்வார். கண் பாதுகாப்புக்குப் பேப்பர் படிக்கும் கண்ணாடி.

ஒருநாள் மிக்ஸி மோட்டார் வேகம் பிடிக்கும்போது, ஜார் உட்காரும் கப்ளர் நின்றுவிட்டது போலத் தெரிந்தது. "தூசி அடைச்சிருக்கு" என்று விரலை நீட்டினார். அது நிற்கவில்லை. பட்டறையில் பழைய சோக் வைத்த டியூப்லைட். அது விநாடிக்கு 100 தடவை சிமிட்டும். 6000 சுற்றில் ஓடும் கப்ளர் விநாடிக்கு 100 சுற்று சுற்றுவதால், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அதே இடத்தில் காட்சி தரும். விரல் போய்ச் சேருமுன் சத்தம் அடங்கியது. சமையலறைப் பக்கம் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி வீட்டம்மா.

"ஏனுங்க, சத்தம் வருதில்ல, காது கேக்கலீங்களா?"

அன்றிலிருந்து பட்டறைக்கு மின்கசிவு கண்டதும் அணைக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, கைக்கெட்டும் சிவப்புப் பொத்தான் எல்லாம் வந்தன. உபயம் வீட்டம்மா. மிக்ஸி மோட்டாரில் 6 அங்குலச் சாணைக்கல் மாட்டும் திட்டமும் அவரால்தான் நின்றது. கல்லின் மேல் அச்சடித்திருந்த வேகத்தைப் படித்துக் காட்டினார். அது 5000-ஐக்கூடத் தொடவில்லை. "கம்பெனிக்காரன் பயந்து போட்டிருப்பான், புள்ள" என்று சொல்லிப் பார்த்தார் இவர். கல் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பையன் டிரோன் மோட்டார் ஒன்றோடு வந்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவு. 2300 கேவி, அதாவது வோல்ட்டுக்கு 2300 சுற்று; 11.1 வோல்ட் பேட்டரி. சுமையில்லாமல் 25000 சுற்றைத் தாண்டும் என்றான். இவருக்குக் கண் பனித்தது. "இறக்கையக் கழட்டு கண்ணு, கண்ணாடி போடு, அக்கட்டால போய் நில்லு" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்து வழக்கமான இடத்தில் போட்டுக்கொண்டார். மோட்டார் கொசு போல ரீங்கரித்தது. வீட்டம்மா சிவப்புப் பொத்தானை அழுத்தினார். டியூப்லைட் அணைந்தது, மோட்டார் ஓடியது.

"இது பேட்டரி புள்ள, உன்ற பொத்தானுக்கு நிக்காது!" இருட்டில் வெற்றிச் சிரிப்பு.

வீட்டம்மா பையன் பக்கம் திரும்பினார். "கண்ணு, இதை எங்க புடுங்கோணும்?"

பையன் மஞ்சள் பிளக்கைக் காட்டிக் கொடுத்தான்.