சிவப்புக் கோட்டை அழித்த சக்கரவர்த்தி

பட்டறைகளின் பேரரசே, லேப்டாப்பைச் செங்கோலாக ஏந்திய சுற்றுவேகச் சக்கரவர்த்தியே, வாழி! எஞ்சினை மாதக்கணக்கில் பெஞ்சில் ஓட்டி, உடைத்து, அளந்து, அஞ்சி அஞ்சி ஹோண்டாக்காரர்கள் மீட்டரில் கிழித்துவைத்த சிவப்புக் கோட்டை, வாங்கிய டீ ஆறுவதற்குள் அழித்த தங்கள் பராக்கிரமத்தை எந்த நாவால் பாடுவேன்? அவர்களுக்குச் சோதனைச்சாலை தேவைப்பட்டது. தங்களுக்கோ ஒரு ஒயர் போதுமாயிருந்தது.

பழைய சிட்டி விடெக் ஒன்று தங்கள் திருவாசலில் வந்து நின்றது. கோன் ஃபில்டர் சூட்டினீர்கள். சைலன்சரின் வாயை அகலத் திறந்துவிட்டீர்கள். ஈசியூவில் புது மேப் ஏற்றி, லிமிட்டரை 8500 சுற்றுக்குத் தள்ளிவைத்தீர்கள். உள்ளே பிஸ்டன், கனெக்டிங் ராட், ராட் போல்ட், வால்வ் ஸ்பிரிங் எல்லாம் கம்பெனியில் பூட்டியது பூட்டியபடியே இருக்க, அவற்றின் நிம்மதியைக் கலைக்காத பெருந்தன்மையும் தங்களுடையதே. "அண்ணே, உள்ள ஒண்ணும் மாத்த வேணாமா?" என்று தயங்கிய பிள்ளைக்கு, "ஜப்பான் எஞ்சின் தம்பி, தைரியமா மிதி" என்று அருளினீர்கள். உலோகவியல் என்ற பெரும்படிப்பை இத்தனை சுருக்கமாக வழியனுப்பி வைத்தவர் வேறு யார்?

கணக்குப் போடும் அற்பர்கள் சிலர் உண்டு. அவர்களை மன்னித்தருள வேண்டும். அந்த 1493 சிசி எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 84.5 மில்லிமீட்டர். 7000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19.7 மீட்டர், 8500-ல் 23.9 மீட்டர் என்பார்கள். சுற்று ஏறியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், ராடின் மேல் விழும் இழுவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுமாம். புகையை வெளியே தள்ளிவிட்டு உச்சியில் பிஸ்டன் திரும்பும் கணத்தில், மேலிருந்து எதிர்த்து அழுத்த அழுத்தமேறிய வாயுவும் இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிஸ்டன் அப்போது ஒரு டன்னுக்கும் மேலான விசையோடு மேல்நோக்கி இழுக்க, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இரண்டு ராட் போல்ட்டுகள் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். நொடிக்கு எழுபது தடவைக்கும் மேல் ராடுக்கு இந்த உடற்பயிற்சியை இலவசமாக வழங்கும் வள்ளலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வால்வ் ஸ்பிரிங்குகளுக்குத் தாங்கள் அருளிய விடுதலையோ காவியத்துக்குரியது. கேம் இறங்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வால்வை மூட அவற்றால் முடியாமல் போக, வால்வ் அந்தரத்தில் நின்று, ஏறிவரும் பிஸ்டனை நேரில் சந்திக்கிறது. சந்தித்ததன் நினைவாக வளைந்தும் கொடுக்கிறது. வளைந்த வால்வுகளை வரிசையாக மேசைமேல் அடுக்கி, "பெட்ரோல் சரியில்ல தம்பி" என்று நோய்நாடிய தங்கள் நுண்ணறிவுக்கு நிகருண்டோ?

கம்பெனி கேமும் இன்டேக்கும் அந்தச் சுற்றில் எஞ்சினுக்குப் போதிய காற்றைத் தரமாட்டா. ஆகவே உச்சியைத் தாண்டியபின் பவர் சரியத் தொடங்கும், கூடுவது சத்தம் மட்டுமே என்பது பொறாமைக்காரர் வாதம். டைனோவில் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தானே தாங்கள் டைனோ பக்கமே எழுந்தருளுவதில்லை! காதுக்கு வேகமாகக் கேட்டால் வண்டி வேகமாகப் போகிறது என்ற தங்கள் சித்தாந்தம் எவ்வளவு சிக்கனமானது!

எல்லாவற்றுக்கும் சிகரம் தங்கள் உவமானம். 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000-இன் எஞ்சின் 9000 சுற்று ஓடியது, அதன் ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர், "நம்மளோடது அரை மில்லிமீட்டர்தானே அதிகம்!" ஆஹா! ராட், பிஸ்டன், வால்வ் அமைப்பு அனைத்தையும் அந்தச் சுற்றுக்கென்றே ஹோண்டா புதிதாகச் செய்தது என்ற சில்லறை விவரத்தைத் தாங்கள் கண்டுகொள்ளாததுதான் மேதைமை. அரை மில்லிமீட்டரில் இரண்டு எஞ்சின்களையும் உடன்பிறப்புகளாக்கிய சமத்துவம் வாழ்க.

ஐந்தாம் கியரிலிருந்து நான்காவது என்று நினைத்து இரண்டாவதில் போட்டுவிட்டால் லிமிட்டர் காப்பாற்றுமா என்று கேட்டான் அந்தப் பிள்ளை. லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். எஞ்சினைச் சுற்றுவது அப்போது சக்கரம். இதை அவனிடம் சொல்லி அவன் உற்சாகத்தைக் கெடுக்காமல் புன்னகைத்தீர்களே, அந்தக் கருணையை என்னென்பேன்! பிறகொரு நாள் ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. முஷ்டி நுழையும் அளவு ஓட்டை. குனிந்து பார்த்தால் உள்ளே கிராங்க் தெரியும். எஞ்சினைத் திறக்காமலே உள்ளே காட்டும் சாளரத்தை வேறெந்தப் பட்டறை அமைத்துத் தரும்? சாலையெங்கும் ஆயில் அபிஷேகம் வேறு.

ஆகவே கார் வைத்திருக்கும் அன்பர்களே, உள்ளே ஒன்றும் மாற்றாமல் லிமிட்டரை மட்டும் உயர்த்த ஆசைப்படுவோர் தயங்காமல் இவர் பட்டறைக்கே செல்லுங்கள். போகும்போது இரண்டாவது எஞ்சினுக்கான பணத்தையும் கையோடு கொண்டுபோங்கள். சக்கரவர்த்திக்குக் கடன் சொன்னால் பிடிக்காது.