மேடை ஏறாததுக்கு ஒரு படிப்பு

ஏ தாயி, மேடை நிர்வாகம்னு, மேடைக்கு வராம இருக்கதுக்கே ஒரு படிப்பு இருக்குன்னு நீ சொன்னதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. நம்ம வகையறாவுல இதுவரைக்கும் ஆரும் நடிக்க மேடை ஏறுனதில்ல. ஏறாததுக்குப் பட்டம் குடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா பூராப் பேரும் எப்பவோ பட்டதாரி ஆகியிருப்போம்.

போ, படி. நான் தடுக்கல. டெல்லியில 1959-ல தொடங்குன தேசிய நாடகப் பள்ளி இருக்கு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல சங்கரதாஸ் சுவாமிகள் பேருலயே நிகழ்கலைப் பள்ளி இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிப்புட்டேன். போறதுக்கு முந்தி இந்தப் பிளவக்கல் சுத்து வட்டாரத்துல நடக்குற எதையும் உத்துப் பாத்துறாத. பாத்தேன்னா பாதிப் பாடம் இங்கேயே ஓசியில முடிஞ்சுரும். கட்டுன பீஸு வீணாப் போயிரும்.

முக்கியமா, ஸ்பெஷல் நாடகம் பக்கம் தலை வச்சே படுக்காத. பொங்கல் சாட்டுன ஊருகள்ல வள்ளி திருமணம் போடுறாங்கல்ல, அதைத்தான் சொல்றேன். ராஜபார்ட் மதுரையில இருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையில இருந்து, பபூன் திண்டுக்கல்லுல இருந்து. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் பேசி, தனித்தனியா அட்வான்ஸ் குடுத்து, அவங்கவங்க ஒரு பஸ்ஸைப் புடிச்சு வந்து இறங்குவாங்க. ஒத்திகைங்கிற பேச்சே கெடையாது. முருகன் வள்ளியைப் பாக்குறதே அன்னைக்கு ராத்திரி மேக்கப் போடுற எடத்துலதான் இருக்கும். அதுக்குப் பெறகு விடியறதுக்குள்ள காதலிச்சு, வேடனா வந்து, கிழவனா வந்து, கல்யாணமும் முடிக்கணும். முடிச்சிருவாங்க.

எப்படி முடியுதுன்னு கேக்காத. கேட்டா ஓரத்துல ஆர்மோனியத்தோட உக்காந்திருக்கவரைக் காட்ட வேண்டியிருக்கும். பக்கத்துல மிருதங்கம். அதுக்கு அங்கிட்டு, தாளத்துல இருந்து இடிச்சத்தம் வரைக்கும் எழுப்புறதுக்கு ஆல்ரவுண்டுன்னு ஒருத்தர். நாரதரும் வள்ளியும் தர்க்கத்துல இறங்கி, விட்டா மறு பொங்கல் வரைக்கும் பேசுவாங்கன்னு ஆகும்போது ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டுக்குச் சுருதியை அழுத்துவார். அவ்வளவுதான், தர்க்கம் தீந்துச்சு. ஸ்திரீபார்ட் வார பஸ் இன்னும் கிருஷ்ணன்கோவில் தாண்டலையா? பபூனுக்கு ஒரு கண்சாடை. அவர் முன் வரிசையில உக்காந்திருக்க என்னை மாதிரிக் கெழடுகளைக் கிண்டல் பண்ணியே அரை மணி நேரத்தை ஓட்டிருவார். சனங்களுக்குப் பஸ் லேட்டுன்னே தெரியாது.

இந்த நாடகங்களை எழுதி வச்ச சங்கரதாஸ் சுவாமிகளே பெரிய ஆளுகளைக் கட்டி மேய்க்க முடியாமத்தான், 1918-ல மதுரையில சின்னப் பையங்களை வச்சுத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு ஒண்ணு தொடங்கினார். பையன்னா எழுதுன வசனத்தை எழுதுன மாதிரியே சொல்லுவான். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்க பழகுன பையங்கதான். சுவாமிகள் 1922-ல காலமாயிட்டார். பையங்களும் வளந்து பெரிய ஆளாயிட்டாங்க, என்னத்தச் செய்ய?

உங்க காலேசுல நாடகப் பிரதியைக் கையில குடுத்து, எந்த வசனத்துக்கு எந்த லைட்டு, எந்தச் சத்தம்னு பென்சில்ல குறிக்கச் சொல்லுவாங்களாம்ல? நல்லாக் குறி. இப்ப வள்ளி தினைப்புனத்துல ஆலோலம் பாடிக்கிட்டிருக்கா. அந்நேரம் உன் சின்னத் தாத்தன் நூறு ரூவாயோட மேடை ஏறி, அதை முருகன் சட்டையில ஊக்கால குத்திட்டு, மைக்கைப் புடுங்கி, மேலத் தெரு மருமகன்கள் சார்பா அன்பளிப்புன்னு ஆரம்பிச்சு, ஒம்பது மருமகன் பேரையும் வாசிப்பான். அதை எந்த வசனத்துக்கு நேரா குறிப்ப?

லண்டன் நாடகக் கொட்டகையில திரை ஏற 35 நிமிஷம் இருக்கும்போது 'அரை மணி'ன்னு உள்ள குரல் குடுப்பாங்களாம். நானும் யோசிச்சுப் பாத்தேன், அரை மணிக்கு எப்படிடா 35 நிமிஷம்? கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு முந்தியே மொதக் காட்சி ஆளுக மேடைப் பக்கம் வந்து நிக்கணுமாம், கணக்கை அங்க இருந்து பின்னால எண்ணுறாங்க. நம்ம ஊருல ஏழு மணிக் கல்யாணத்துக்கு ஆறுன்னு பத்திரிகை அடிக்கிற அதே மூளைதான். அங்க மேடைக்குப் பின்னால செகப்பு வெளக்கு எரிஞ்சா ஆயத்தம், பச்சை எரிஞ்சா நடத்து. சப்பான்ல கபுகி ஆட்டத்துல ரெண்டு மரக்கட்டையைத் தட்டுனாத் திரை விலகும். நோ நாடகத்துல ஒரு ஆளு ஒண்ணும் பேசாம மேடைக்குப் பின்பக்கமே உக்காந்திருப்பாராம். பெரிய நடிகருக்கு நடுவுல ஏதாவது ஆயிப்போச்சுன்னா எந்திரிச்சு அவர் பாத்திரத்தைத் தொடரணும். இப்படி ஒரு மாப்பிள்ளைத் தோழனை நான் பாத்ததில்ல.

ஆனா வில்லுப்பாட்டுக்கு இந்தச் செகப்பு, பச்சை எல்லாம் செல்லாது, தாயி. தெக்க திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையில பாரு. பாட்டுக்காரர் கதையை எப்படி வேணும்னாலும் நீட்டலாம், சுருக்கலாம். ஆனா சாமக்கொடைக்குச் சாமி வந்து ஆடுற நேரமும் கதையில அந்த எடமும் ஒண்ணாச் சேரணும். சேரலைன்னா பாட்டுக்காரரை ஊரே பாக்கும். உத்தரவு அங்க சாமியாடிக்குள்ள இருந்து வருது. நீ காதுல மாட்டுன மைக்குல சாமிக்கு 'ஸ்டாண்ட் பை' சொல்லிப் பாரேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் விவகாரமே வேற. மார்கழியில அரையர் கூம்புக் குல்லாயும் தாளமுமா வந்து சேவிப்பார். பெருமாள் கோயில்ல 'அருளப்பாடு'ன்னு குரல் குடுத்துக் கூப்பிட்ட பெறகுதான் கூப்பிடப்பட்டவங்க முன்னால வரணும். லண்டன்காரன் அரை மணிங்கிறான், நாம அருளப்பாடுங்கிறோம். அதைவிட அந்த மாலை இருக்கே! புரட்டாசியில திருப்பதி கருட சேவைக்கு இங்க ஆண்டாள் சூடிக்களைஞ்ச மாலையும் கிளியும் பட்டும் போகுது. சித்திரையில மதுரை அழகருக்கும் இங்க இருந்துதான் மாலை. ரெண்டு ஊருலயும் லட்சம் சனம் காத்துக் கெடக்கும். ஆத்துல இறங்குற அழகரைப் பாக்காதவங்க உண்டா? அந்த மாலையைக் கட்டி, வாடாமக் கொண்டுபோயி, நேரத்துக்குச் சேத்தவர் மொகத்தை ஆரு பாத்தா? உன் தொழில்ல உனக்குக் கெடைக்கப்போற புகழ் அதுதான், இப்பமே சொல்லிட்டேன்.

அதே அழகருக்காக வைகை அணையில தண்ணி தொறக்காங்கல்ல? அவர் இறங்குற அன்னைக்குத் தொறந்தா மணல்லதான் இறங்கணும். அதனால சில நாள் முந்தியே ஷட்டரைத் தூக்கிருவாங்க. நம்ம பிளவக்கல் பெரியாறு அணையில, கோவிலாறு அணையில தண்ணி தொறந்தாலும் கடைமடைக் கண்மாய்க்காரன் ராத்திரியெல்லாம் மண்வெட்டியோட வாய்க்கா கரையில உக்காந்து கணக்குப் போடுவான். முந்திச் சொன்னாத்தான் நேரத்துக்கு நடக்கும்னு அவனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரல. அவன்கிட்ட மட்டும் பேச்சுக் குடுத்துறாத, ஒரு செமஸ்டர் போயிரும்.

ஆடிப்பூரத் தேரையும் பாக்காத. பாத்தே ஆகணும்னா வடம் புடிக்கிற கூட்டத்தை விட்டுட்டு, சக்கரத்துக்குப் பக்கத்துல கட்டையோட குனிஞ்சு ஓடுறவரைப் பாரு. தேர் எங்க திரும்பணும், எங்க நிக்கணும்னு அவர் போடுற கட்டைதான் சொல்லும். அவர் பார்வை தரையில. அப்ப மேல பாக்குறது ஆரு? 2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் பக்கத்துல களிமேட்டுல தேர் மேல போற மின்கம்பியில பட்டு 11 பேர் போயிட்டாங்க. இதுல நான் கிண்டல் பண்ணல. நாடகமோ தேரோ கச்சேரியோ, கம்பி எங்க போகுது, வெளிய போற வழியில ஆரு நாற்காலி போட்டு அடைச்சிருக்கான், தீப் புடிச்சா ஆரு மெயினை அமத்துறதுன்னு மொதல்ல பாக்குற ஆளா நீ இருக்கணும். எந்தக் கலையா இருந்தாலும் இந்த ஒரு பாடத்தை மட்டும் மாத்தாத. மிச்சமெல்லாம் எடத்துக்கு எடம் மாறும்.

அப்புறம் இன்னொண்ணு. பின்னால நிக்கிறவங்க இருட்டோட இருட்டாத் தெரியாம இருக்கணும்னு கருப்புச் சட்டைதான் போடுவாங்களாமே. இங்க கருப்புச் சட்டை போட்டா ரெண்டே கட்சிதான் தெரியும்: மாலை போட்ட ஐயப்ப சாமி, இல்லைன்னா பெரியார் கட்சி. நீ லீவுக்கு வத்திராயிருப்புல பஸ்ஸை விட்டு இறங்கும்போது எந்தக் கட்சின்னு உன் பாட்டி என்னையத்தான் கேப்பா. மூணாவது கட்சின்னு சொல்லி வைக்கிறேன்.

படிச்சு முடிச்சதும் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுறதுக்கு முந்தி நம்ம ஊருப் பொங்கலுக்கு வந்துரு. டெல்லிக்காரங்க பரீட்சை வேற, நம்ம பரீட்சை வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு, வள்ளி பாடிக்கிட்டிருக்கா, சின்னத் தாத்தன் நாலாவது மருமகன் பேருக்கு வந்துட்டான். அவனுக்கும் கோவம் வரக் கூடாது, மருமகன்களுக்கும் கொறை வரக் கூடாது, வள்ளிக்கும் சுருதி விலகக் கூடாது. அவன் கையில இருந்து அந்த மைக்கை வாங்கிக் காட்டு.