அக்கம்பக்கம் இருநூறு மீட்டர்

மலேசியாவில் அண்டை அயலார் யார் என்பதைச் சட்டமே மீட்டர் கணக்கில் சொல்லிவிட்டது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தார் வாயில் ‘அக்டா 172’. அதன் 21ஆவது பிரிவு, ஒரு நிலத்தில் கட்டடம் எழும்பப் போகிறதென்றால் ஒட்டிய நிலத்துக்காரருக்குச் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று கேட்கச் சொல்கிறது. நடுவில் சாலையோ சந்தோ கால்வாயோ இருந்தாலும் பாதகமில்லை, அகலம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. 21 மீட்டர் என்றால் நீங்கள் அந்நியர். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு அனுப்பலாம், ஆட்சேபம் அனுப்ப முடியாது. அந்த நிலத்துக்குப் போகும் வழி முட்டுச்சந்தாக இருந்து, அதே சந்தை நீங்களும் புழங்கினால் மட்டும் அயலார் உறவு 200 மீட்டர் வரை நீளும்.

இதையெல்லாம் நாங்கள் தெரிந்துகொண்டது, எங்கள் அம்பாங்கான் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் மிச்சமிருந்த ரப்பர்க்காட்டு ஓரத்தில் ஒரு பலகை முளைத்த பிறகு. அம்பாங்கான், சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் பக்கம், நகரம் முடிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. பலகை முளைத்தால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் புலனக் குழுவில் அது காலையில் நான்கு மாடிக் கடைவீடு. மத்தியானம் இருபது மாடி அடுக்ககம். மாலையில் யாரோ ‘மின்சுடலையாம்’ என்று போட, ராத்திரிக்குள் அழும் முகங்களும் கும்பிட்ட கைகளுமாகக் குழு நிரம்பி வழிந்தது. பலகையைப் போய்ப் படித்தவர் மட்டும் ஒருவருமில்லை. அது பொடி எழுத்தில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றது.

மறுவாரம் குடியிருப்பாளர் சங்கம் கூடி ஒரு துணைக்குழு அமைத்தது. சங்கம் என்று பதிய ஏழு பேர் போதும் என்கிறது 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம். எங்கள் உறுப்பினர்கள் அந்தச் சட்டத்துக்கு மிகவும் கட்டுப்பட்டவர்கள், எந்தக் கூட்டத்துக்கும் ஏழு பேருக்கு மேல் வந்து அதைச் சங்கடப்படுத்த மாட்டார்கள். தலைவர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். சட்டப் புத்தகத்தைச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார்.

“முதல்ல அளக்கணும்” என்றார்.

கார் பட்டறை அங்கிள் அளவு நாடா கொண்டுவந்தார். அவர் ஒரு முனையைப் பிடிக்க, செயலாளர் மறுமுனையோடு கால்வாயைத் தாண்டினார். முதல் முறை பதினெட்டு மீட்டர் சொச்சம் வந்தது. எதிர்வரிசை வீட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து, கால்வாயை மட்டும் அளந்தால் எப்படி, ஓரப் புல்லையும் சேர்க்க வேண்டாமா என்றார். புல்லைச் சேர்த்தால் அவரே அந்நியராகிவிடுவார் என்று தலைவர் விளக்கியதும், புல்லுக்கு எதிராக அவரைப்போல் யாரும் பேசவில்லை.

பிறகுதான் முட்டுச்சந்து விவகாரம். ரப்பர்க்காட்டுக்குப் போகும் ஒரே வழி எங்கள் கடைசித் தெரு. அந்தத் தெரு நேராக வந்து குத்தும் வீட்டைத் தெருக்குத்து என்று ஊரே பரிதாபமாகப் பார்க்கும். அங்கே இருக்கும் அக்கா அதை மலிவாக வாங்கி, மதிலில் ஒரு பிள்ளையாரையும் வைத்துச் சமாளித்து வந்தார். இப்போது சட்டமே வந்து, முட்டுச்சந்து என்றால் 200 மீட்டருக்கு உரிமை என்றதும், அக்கா நடையே மாறிவிட்டது. பிள்ளையாருக்கு அந்த வெள்ளிக்கிழமை விசேஷ பூஜை.

சிக்கல் என்னவென்றால், தெரு முடியும் இடத்தில் வேலியில் ஒரு சந்து உண்டு. மோட்டார் சைக்கிள் நுழையும், கார் நுழையாது. மோட்டார் போகிற தெரு முட்டுச்சந்தா இல்லையா? வழிப்பறிக்காரன் வருகிறான், அடைக்கணும் என்று பாதிப் பேர் வருஷக்கணக்காகப் போராடியிருக்கிறார்கள். அடைக்கக்கூடாது, நாசி லெமாக் கடைக்கு அதுதான் குறுக்கு வழி என்று மீதிப் பேர் மறித்திருக்கிறார்கள். சந்தை அடைத்தால் உரிமை நிலைக்கும் என்று தெரிந்ததும் இரண்டு கட்சியும் ஒரே நாளில் ஒன்றாகி, அடைத்தே தீருவது என்று தீர்மானம் போட்டன. நாசி லெமாக் மக்சிக் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டார்: “சரி, நாளையிலிருந்து எல்லாரும் பெரிய ரோடு சுற்றித்தானே வருவீங்க?” தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அளந்தாயிற்று, இனி கையெழுத்து. சட்டம் கேட்பது நிலத்தின் உரிமையாளரை. எங்கள் குழுவில் அதிகம் கத்தியவர் வாடகைக்காரர். அதிகம் எழுதியவர் மாமனார் வீட்டில் இருப்பவர். உண்மையான உரிமையாளர்களில் ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் பெர்த்தில், ஒருவர் கல்லறையில், வீடு இன்னும் பெயர் மாறவில்லை. தலைவர் வீட்டுப் பத்திரம் அவர் மனைவி பெயரில். அந்த அம்மா பாரத்தை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, “சமையல்கட்டுக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. மொதல்ல அதுக்கு ஒரு துணைக்குழு போடுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த நிலையில் உறுப்பினர் ஒருவரின் மகள், வழக்கறிஞர், விடுமுறைக்கு வந்தாள். அறிவிப்பைப் பற்றிய உட்பிரிவை முதல் வரியிலிருந்து படித்தாள். நாங்கள் மீட்டரைத் தேடி நேராகக் கடைசிக்குப் போயிருந்தோம். முதல் வரியில் என்ன இருக்கிறதென்றால், இந்த அறிவிப்பெல்லாம் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான். “சிரம்பானுக்கு உள்ளூர்த் திட்டம் இருக்கே, சார். எந்த இடம் வீடு, எந்த இடம் கடைன்னு அதுலயே வரைஞ்சாச்சு. அந்த வரைவைப் பார்வைக்கு வெச்சப்பவே நீங்க சொல்லியிருக்கணும்.” அங்கிள் நாடாவைச் சுருட்டிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

வரைவை எங்கே வைத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று கூட்டத்தில் ஒரே கூச்சல். நாம் ஓட்டுப்போட்ட கவுன்சிலரைக் கேட்போம் என்றார் ஒருவர். அவர் ஓட்டுப்போட்டிருக்க வழியில்லை. இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள். இந்தோனேசியாவுடனான மோதல் ஒரு காரணம். சில மன்றங்களின் மீது முறைகேட்டுப் புகார்களும் இருந்தன, அவற்றில் சிரம்பான் நகர மன்றமும் ஒன்று என்பது நம் ஊருக்குக் கிடைத்த பெருமை. விசாரிக்க அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடித்த அறிக்கை, தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமனத்தையே நிரந்தரமாக்கியது. 2020இல் சிரம்பானும் நீலாயும் சேர்ந்து மாநகர் மன்றமாகிவிட்டது, உறுப்பினர்கள் இன்றும் நியமனம்தான்.

ஆதி நாகப்பனின் சிபாரிசை ஏற்காதவர்கள் அவர் பெயரை ஒரு சாலைக்கு வைத்தார்கள். அது கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கிறது. அந்தத் தாமான்காரர்கள்தான் ரிம்பா கியாரா பூங்காவைக் காப்பாற்ற நீதிமன்றப் படியேறியவர்கள். 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கட்டடங்களுக்கு 2017இல் கொடுத்த அனுமதி, 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. குடியிருப்பாளர் சங்கங்களுக்கு அது தீபாவளி. எங்கள் தலைவர் அந்தச் செய்தியை நகலெடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதே திட்டத்தில் 29 மாடியில் இன்னொரு கட்டடமும் இருந்தது, பழைய புக்கிட் கியாரா தோட்டத்து மக்களுக்கென்று. 1980களிலிருந்து நீளவீட்டில் வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். நகலில் அந்தப் பத்தி மடிப்புக்குள் போய்விட்டது.

பிறகு சிரம்பான் உள்ளூர்த் திட்டத்தை மறு ஆய்வு செய்து புது வரைவைப் பார்வைக்கு வைத்தபோது நாங்கள் முதல் நாளே போய் நின்றோம். வண்ண வண்ணமாகப் பெரிய வரைபடங்கள். கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, திடலுக்குப் பச்சை. எல்லாரும் அவரவர் வீட்டைத் தேடினோம். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், பத்திரம் தேவையில்லை என்றார்கள். உடனே எங்களுக்கு நினைவுக்கு வந்தவர் பாட்டி.

பாட்டி அந்த ரப்பர்க்காட்டில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, ஒவ்வொரு மங்காகப் பால் எடுத்தவர். இப்போது இருப்பது பாரோய்ப் பக்கம், மகன் வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டில். எந்தச் சட்டத்தின்படியும் அயலார் அல்ல. வரைபடத்தின் முன் நிறுத்தியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் ஒரு கோடு இழுத்தார்: “இங்கனதான் அல்லூர் போவும். மழை பேஞ்சா மூணு நாள் முழங்கால் தண்ணி. வாளியத் தூக்கிட்டு நடக்க முடியாது.” வரைபடத்தில் அந்த இடம் முழுக்க வீடு.

பாரத்தில் லாட் எண் கேட்டிருந்தது. பாட்டி நிரை எண் சொன்னார். அங்கிருந்த இளம் அதிகாரி சிரிக்காமல் அதையே எழுதிக்கொண்டார், நல்ல பையன்.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் பன்னிரண்டு பக்கத்தில் உரை தயாரித்திருந்தார், பாட்டிக்கு அதில் சாட்சி வேடம். ஆனால் முதலில் பாட்டியைக் கூப்பிட்டார்கள். தோட்டத்து மலாயில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தைச் சொல்லி, மேட்டுப் பக்கம் எது, பாறை எங்கே, பழைய கோயில் கிணறு எங்கே மூடியது என்று அடுக்கினார். மூவரும் குறிப்பெடுத்தார்கள். எங்கள் ஏழு பேருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

“ஆக, இங்கே வீடே கட்டக்கூடாது என்கிறீர்கள்?” என்றார் நடுவில் இருந்தவர்.

“யாரு சொன்னா?” என்றார் பாட்டி. “மேட்டுல கட்டுங்க, பள்ளத்துல கட்டாதீங்கன்னு சொல்ல வந்தேன். எம் பேத்திக்கு வீடு வாங்கணும். தண்ணி ஏறுற வீட்ட வாங்கிட்டு அவ எங்க போவா?”

தலைவர் பன்னிரண்டு பக்கத்தையும் மெதுவாகப் பைக்குள் திருப்பினார். பாட்டி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வீடு என்ன விலை வரும், முன்பணம் எவ்வளவு கட்டணும் என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.