கடல் விட்டுப்போன ஊரில் கப்பல் டிக்கெட்

அரியலூரிலிருந்து கப்பல் ஏற முடியுமா?
– அரியலூர் வாசகர்

ஆறு கோடி வருஷத்துக்கு மேல் லேட்டாக வந்திருக்கிறீர்கள். கடல் கிளம்பிப் போய்விட்டது. மிச்சம் வைத்துப்போன சிப்பிகளை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மற்றவற்றை சிமெண்ட் ஆலைகள் பார்த்துக்கொள்கின்றன.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் சொகுசுக் கப்பலில் போகச் சொல்கிறான். ஏஜெண்ட் வேண்டாம், கம்பெனியிலேயே நேரடியாகப் புக் பண்ணினால் மறைமுகச் செலவெல்லாம் மிச்சம் என்கிறான். நிஜமா?
– லப்பைக்குடிக்காடு வாசகர்

மகன் சொல்வதில் பாதி நிஜம். இடையில் ஆள் இல்லாவிட்டால் விலை குறையும் என்பது சின்ன வெங்காயத்தை மண்டிக்கு ஏற்றி நொந்துபோன பெரம்பலூர்க்காரருக்கு இயல்பாக வரும் நம்பிக்கை. மண்டியில் கமிஷன் விளைவித்தவர் தலையில் விழுகிறது. கப்பலிலோ ஏஜெண்டுக்குக் கமிஷன் தருவது கப்பல் கம்பெனி. அதுவும் அறிவித்த விலைக்குள்ளிருந்தே. நீங்கள் நேராகப் போய் நின்றால் அந்தக் கமிஷனைக் கழித்துக்கொண்டு டிக்கெட் தருவார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். அதே விலைதான், லாபம் மட்டும் கம்பெனிக்கு.

அப்படியானால் மறைமுகச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? கப்பலுக்குள்ளேயேதான். உலகின் பெரிய கப்பல் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வருவதில்லை. ஏறிய பிறகு பயணி செலவழிப்பதில் வருகிறது. மது, வைஃபை, தனி உணவகம், சூதாட்டக் கூடம், கரையிறங்கிச் சுற்றிப்பார்க்கும் டூர். இதோடு டிப்ஸ். விரும்பினால் கொடுப்பது என்று நினைக்காதீர்கள். பல அமெரிக்கக் கம்பெனிகள் தலைக்கு, நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை தாமாகவே பில்லில் ஏற்றிவிடும். தம்பதி நான்கு இரவு போனால் இது மட்டும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். இந்தத் தொகைக்கு நீங்கள் எந்த வாசலில் டிக்கெட் வாங்கினீர்கள் என்பது தெரியாது. நேராக வந்தவருக்கும் அதே பில், ஏஜெண்ட் வழி வந்தவருக்கும் அதே பில்.

பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமா? 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். கட்டணம் 6,500 ரூபாய் என்று காதில் விழுந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததும் 7,670. அரசு நிறுவனம் ஓட்டிய கப்பலிலேயே வாயால் சொல்லும் விலைக்கும் கையால் கொடுக்கும் விலைக்கும் 1,170 ரூபாய் தூரம். அந்தக் கப்பல் சில நாளில் மழைக்காலம் என்று நின்றுபோனது வேறு கதை. தனியார் சொகுசுக் கப்பலில் துறைமுகக் கட்டணம், வரி என்று இந்தத் தூரம் இன்னும் நீளும்.

கப்பலில் சாப்பாடு இலவசம்தானே?
– பெரம்பலூர் வாசகி

பொது உணவகத்தில் டிக்கெட்டோடு அடக்கம். சின்ன வெங்காய சாம்பாரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் இலவசம்.

தனியாகப் போனால் பாதிச் செலவுதானே?
– வேப்பந்தட்டை வாசகர்

விளம்பரத்தில் வரும் விலை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் தலைக்கு இவ்வளவு என்பது. ஒருவர் போனால் பல கப்பல்களில் காலிக் கட்டிலுக்கும் சேர்த்துக் காசு. கல்யாணம் பண்ணிக்கொள்வது மலிவா என்று கேட்காதீர்கள், அது வேறு பகுதி.

ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு யாரிடம் புக் செய்தார்?
– ஜெயங்கொண்டம் வாசகர்

1025-ல் சொந்தக் கப்பல், நேரடிப் பயணம். டிப்ஸ் கொடுத்ததாகக் கல்வெட்டு இல்லை. அள்ளிக்கொண்டு வந்ததாகத்தான் இருக்கிறது.

ஏஜெண்டுக்கு ரொம்பத்தான் வக்காலத்து வாங்குகிறீர்களே, நேரடியாகப் போகவே கூடாதா?
– செந்துறை வாசகர்

போகலாம். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கார்டில் கட்டினால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். அதன் மேல் ஜிஎஸ்டி. ‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா’ என்று திரை அன்பாகக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கியுடையதைவிட மோசம். இந்திய ஏஜெண்ட் வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்றால், விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியான டிசிஎஸ் பிடிப்பார். பலர் இதைத்தான் மறைமுகச் செலவு என்று திட்டுகிறார்கள். அது செலவே இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏறி, வருமான வரி ரிட்டர்னில் கழியும் அல்லது திரும்ப வரும்.

விசாவையும் மறக்காதீர்கள். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவைத் தொட்டு, மறுபடி சிங்கப்பூரில் இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனால் கப்பல் திரும்பும்போது சிக்கல். இங்கிருந்து சிங்கப்பூர் விசாவுக்குப் பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆக, ஏஜெண்டே வேண்டாம் என்று சபதம் எடுத்தவரும் ஓர் ஏஜெண்ட் மேஜைக்கு முன்னால் உட்கார வேண்டி வரலாம்.

ஏஜெண்டும் ஏமாற்றுவாரே என்பீர்கள். ஏமாற்றலாம். ஆனால் அவர் மேல் உள்ளூரில் வழக்குப் போடலாம், அதுதான் வித்தியாசம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் குறைந்த விலை காட்டிவிட்டுக் கடைசித் திரையில் ஏற்றுவதையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும் 2023 நவம்பர் 30-ல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியின் மீதும் பெரம்பலூரில் புகார் எழுதலாம்தான். தீர்ப்பை அமெரிக்காவின் மியாமியில் நிறைவேற்றுவது யார்?

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? அப்பா, அம்மாவை அனுப்புகிறேன், அவர்களுக்கு ஆங்கிலம் வராது.
– குன்னம் வாசகி

அறைக் கட்டணம், துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ், மருத்துவம் அடங்கிய பயணக் காப்பீடு, விசா ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு முன் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். எழுதித் தராதவரிடம் கட்டாதீர்கள், அவர் கம்பெனியானாலும் ஏஜெண்டானாலும் சரி. கப்பலில் பெற்றோர் கணக்கோடு உங்கள் கார்டை இணைக்காமல், செலவழிக்கும் அளவுக்கு மட்டும் பணம் முன்கூட்டிக் கட்டிவிட முடியுமா என்று விசாரியுங்கள். எழுதி வாங்கிய தாளைப் பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.