மயாமிக் கடிதம்: சிரிக்கும் டியூட்டி

வீட்டுப் பிள்ளைக்குச் சொகுசுக் கப்பலில் கேளிக்கைப் பிரிவில் வேலை என்றதும், நாள் முழுக்க நீச்சல்குளத்துப் பக்கமே பொழுது போகும் என்று ஊரில் இருக்கும் சொந்தபந்தங்கள் பெருமூச்சு விடுகிறார்களாம். குளத்துப் பக்கம் நிற்பது உண்மைதான். உச்சி வெயிலில், கையில் மைக்கோடு, "எல்லாரும் கையைத் தூக்குங்க!" என்று கத்தியபடி.

'தி லவ் போட்' தொடர் 1977 முதல் 1986 வரை ஓடியது. அதில் வரும் குரூஸ் டைரக்டர் ஜூலிக்குப் பயணிகளின் காதல் கதைகளில் தலையிட நிறைய நேரம் கிடைத்தது. மயாமியிலிருந்து கரீபியன் பக்கம் போகும் இன்றைய கப்பல்களில் அந்தக் கொடுப்பினை யாருக்கும் இல்லை. காலையில் வினாடி வினா, பிறகு நாப்கின் மடிக்கும் வகுப்பு, மதியம் பிங்கோ, மாலையில் வரிசை நடனம், இரவில் கரோக்கி.

இவற்றில் ஆபத்தானது வினாடி வினாதான். ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெரா என்று விடை சொன்னால், சிட்னிக்கே போய்வந்த தாத்தா ஒருவர் எழுந்து நின்றுவிடுவார். பக்கத்து மேசை அவருக்கு ஆதரவு. இத்தனைக்கும் ஜெயித்தால் கிடைப்பது, கார்னிவல் கப்பல்களில், குச்சியில் நிற்கும் தங்க நிற பிளாஸ்டிக் கப்பல்.

"நள்ளிரவு விருந்து எத்தனை மணிக்கு?", "நீங்களெல்லாம் ராத்திரி கப்பலிலேயே தூங்குவீர்களா?" ஆகியவை கப்பல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் கேள்விகள். தூங்குவது அங்கேதான். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை. அங்கே கப்பலின் நீளத்துக்கு ஓடும் நடைபாதைக்குப் பல கப்பல்களில் 'ஐ-95' என்று பெயர். மயாமியில் தொடங்கிக் கனடா எல்லை வரை போகும் நெடுஞ்சாலையின் பெயர்தான். நெரிசலிலும் குறைவில்லை.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு கட்டாயம். கணக்குப் போட்டால் மிச்சம் 91 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் மட்டும்.

ஆனால் நாப்கினில் அன்னம் மடித்துக் காட்டும் அதே ஆள், ஆபத்து என்றால் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்று பயணிகளைத் தலை எண்ண வேண்டும். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் என்பது அதற்கான அழைப்பு. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்குப் பாதுகாப்பு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும். சிரித்த முகத்தோடு இதில் மட்டும் கறாராக இருப்பதுதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி.

மயாமியில் கரை தொட்ட காலையில் பழைய கூட்டம் இறங்கும். மதியமே புதுக் கூட்டம் ஏறும். இடையில் கிடைக்கும் சொற்ப நேரத்தில் பக்கத்திலுள்ள பேசைட் கடைவீதிக்கு ஓடி, வீட்டுக்குப் போன் பேசி, நூடுல்ஸ் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலிலேயே ஒரு பெரியவர் பிடித்துக்கொள்வார்: "தம்பி, இந்த லிஃப்ட் கப்பலோட முன்பக்கம் போகுமா?"